ஆறு வோல்ட்டுக்குக் கீழே

ஐவனின் படகு அன்றும் குட்டையின் நடுவிலேயே நின்றுவிட்டது.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பெயர் மாற்றி வருடங்கள் ஆகிவிட்டன. பலகைகளில் பெஸ்தாரி ஜெயா என்றுதான் எழுதியிருக்கிறது. பேச்சில் மட்டும் பழைய பெயர் போகவில்லை. ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கும் சாலைக்கும் நடுவில், வெள்ளீயம் தோண்டி முடித்தவர்கள் விட்டுப்போன குட்டைகள் பச்சை நிறத்தில் பரந்து கிடக்கின்றன. அவற்றில் ஒன்றின் கரையில் சனிக்கிழமை மாலையானால் ரிமோட் படகுக்காரர்கள் கூடுவார்கள். கையளவு மோட்டார், உள்ளே ஆறு செல் கொண்ட ஒரு பேட்டரி, இவ்வளவுதான் படகு. ஆனால் தண்ணீரில் விட்டால் முதலை துரத்துவதுபோல் பாயும்.

ஐவனின் மஞ்சள் படகு இரண்டாவது சுற்றில் முதலாவதாக வந்துகொண்டிருந்தது. திருப்பத்தில் லேசாகத் தயங்கியது. பிறகு மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, ஒரு தேங்காய் மட்டையைப்போல் சும்மா மிதக்கத் தொடங்கியது. மற்ற படகுகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. கரையில் யாரோ சிரித்தார்கள். படகுக்காரர்களை ஒன்றுசேர்க்கும் சேது தன் சிறு தோணியை எடுத்துக்கொண்டு படகை மீட்கக் கிளம்பினார். கடந்த சில வாரங்களாக அது அவருக்கு வழக்கமான வேலையாகிவிட்டது.

"மறுபடியுமா மச்சான்?" என்று பக்கத்தில் வந்து நின்றான் குமணன்.

குமணன், ஐவனின் தங்கை அபிகெயிலின் கணவன். புஞ்சாக் ஆலாமில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண் பரிசோதகன். யாழ்ப்பாணத்து வழிவந்த சைவக் குடும்பம். அபிகெயில் அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, மாதாகோயிலில் பாடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இது தேவையா என்று வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. அதில் அதிகம் சத்தம் போட்டவன் ஐவன். கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் பார்த்தால் தலையாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒருநாள் குமணனுடைய காரின் பின்பக்கத்தில் ஒரு படகைப் பார்த்துவிட்டு ஐவன் அதைப் பற்றிக் கேட்டான். அன்றைக்குத்தான் இரண்டு பேரும் முதன்முறையாக ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசினார்கள். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. சார்ஜர் வாங்கும்போதுகூட ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். செல்களை ஈயம் உருக்கி வரிசையாக ஒட்டிப் பேட்டரியாகக் கட்டுவது மட்டும் குமணன் வேலை. அவனுக்குக் கை நடுங்காது.

"காலையில ஃபுல்லா சார்ஜ் ஏறிச்சா?"

"ஏறாம கொண்டு வருவேனா?" என்றான் ஐவன்.

சேது படகைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐவன் மூடியைத் திறந்து பேட்டரியைத் தொட்டுப் பார்த்தான். ஒரு பக்கம் கொதித்தது, ஒரு பக்கம் ஜில்லென்று இருந்தது. மீட்டரை வைத்தான். எண் தள்ளாடியது.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க படகு ஒரு நாளாவது நின்னிருக்கா?"

"இல்ல மச்சான்."

"சார்ஜரை மாத்திப் பாத்தோம். உங்க சார்ஜர் என் வீட்டுல பேட்டரியைக் கொல்லுது. என் சார்ஜர் உங்க வீட்டுல ஒழுங்கா வேலை செய்யுது. அப்ப சார்ஜர்ல கோளாறு இல்ல. சரிதானே?"

"அப்படித்தான் தெரியுது."

"மிச்சம் இருக்கறது பேட்டரிதான். அதைக் கட்டிக் கொடுத்தது நீங்க."

குமணன் ஒன்றும் சொல்லவில்லை. ஐவனுக்கு அங்கே நிறுத்தத் தெரியவில்லை. அவன் தொழில் அப்படி. காப்புறுதிக் கம்பெனிகளுக்காக விபத்தில் அடிபட்ட கார்களைப் போய்ப் பார்த்து, நசுங்கிய இடம் சொல்வதும் காரோட்டி சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று எழுதிக்கொடுப்பவன் அவன். கெர்லிங்கிலிருந்து கோல சிலாங்கூர் வரை எந்தப் பட்டறைக்குப் போனாலும், ஒருத்தர் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தின்மேல் அவன் கை போகும்.

"நல்ல செல்லெல்லாம் உங்க பேட்டரிக்குப் போயிட்டு, மிச்சம் மீதி எனக்கு வந்திருக்குமோன்னு ஒரு எண்ணம்."

இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தான். சிரிப்பு வரவில்லை. சேது தோணியைத் துடைக்கிறவர்போல் குனிந்துகொண்டார். குமணனின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு காது வரை சிவந்தது.

"சரி மச்சான்," என்றான். தன் படகைத் துணியில் சுற்றினான். அடுத்த பந்தயத்துக்கு அவன் பெயர் இருந்தது. அதற்கு நிற்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஐவன் அந்தச் 'சரி'யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குற்றம் செய்தவன் சொல்லும் சரியா, மனம் உடைந்தவன் சொல்லும் சரியா? பட்டறையில் என்றால் சொல்லிவிடுவான். இங்கே தெரியவில்லை.

பேட்டரிக்கு வந்த நோய் என்ன என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் இல்லை. இந்த நிக்கல் வகைப் பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்றும் முன் மிச்சம் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும் என்பது படகுக்காரர்களின் பழக்கம். சார்ஜரிலேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது. டிஸ்சார்ஜ் என்று அமுக்கி, ஆறு வோல்ட் என்று எல்லை வைத்துவிட்டால், ஆறு வந்ததும் அதுவே நிறுத்திக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் செல்கள் சாக ஆரம்பிக்கும். ஐவன் வேலைக்குக் கிளம்பும்போது பின்னறையில் பேட்டரியை மாட்டி டிஸ்சார்ஜ் போட்டுவிட்டுப் போவான். திரும்பி வந்து மீட்டர் வைத்தால் ஆறு இருக்காது. ஒருநாள் நான்கு இருக்கும். ஒருநாள் இரண்டுகூட இருக்காது. ஒருநாள் அதிசயமாக ஆறரை இருக்கும். இறக்குகிற சாதனம் எல்லையில் நிற்காமல் பேட்டரியை ஒட்ட உறிஞ்சிவிடுகிறது. ஆனால் ஏன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி?

முதலில் சார்ஜர் வோல்ட்டைத் தப்பாகப் படிக்கிறது என்று நினைத்தான். மீட்டரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டும் அண்ணன் தம்பிபோல் ஒரே எண்ணைக் காட்டின. செல்களின் எண்ணிக்கையைத் தப்பாக வைத்துவிட்டோமோ என்று பார்த்தான். ஆறுதான். வயர் முனைகளை உருக்கி மறுபடி ஒட்டினான். வாட்ஸ்அப் குழுவில் கேட்டான். எல்லையை ஏழாக வை என்றார் ஒருவர். ஐந்தாக வை என்றார் இன்னொருவர். டிஸ்சார்ஜே பண்ணக்கூடாது என்று மூன்றாமவர் ஆரம்பித்து, அவர்களுக்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. ஐவன் ஏழு வைத்துப் பார்த்தான். சாயங்காலம் வந்தால் மூன்று.

மனைவி ஜெனவீவையும் அவன் விட்டுவைக்கவில்லை. சந்தேகம் தொடங்கிய புதிதிலேயே கேட்டான்.

"ஜெனி, பின்னறையில இருக்கற சார்ஜரை நீ தொட்டியா?"

"நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்? பாத்தாலே பயமா இருக்கு."

அது உண்மைதான். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு வீடு எரிந்துபோனதிலிருந்து அவளுக்குப் பேட்டரி என்றாலே ஆகாது. லித்தியம் பேட்டரி வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொன்னதால்தான் ஐவன் இந்தப் பழைய வகையையே வைத்திருக்கிறான். அவள் சொன்னதை அவன் நம்பினான். நம்பியதால் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

குட்டைக் கரையில் அப்படிப் பேசிவிட்டு வந்த அடுத்த வாரம் ஒரு பொது விடுமுறை. ஐவன் ஒரு நாற்காலியைப் பின்னறையில் போட்டு, சார்ஜருக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டான். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு. திரையில் எண்கள் மெதுவாக இறங்கின. ஏழு, ஆறரை, ஆறேகால். ஆறு வந்தது. பீப் என்று ஒரு சத்தம். 'முடிந்தது' என்று ஆங்கிலத்தில் காட்டி, எவ்வளவு இறக்கியது என்ற கணக்கையும் போட்டது. பேட்டரியைக் கழற்றாமல் இன்னும் காத்திருந்தான். எண் இறங்குவதற்குப் பதில் ஏறியது. ஆறே முக்கால். அங்கேயே நின்றது. மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தான். சாயங்காலம் பார்த்தான். அசையவில்லை. திரையில் 'முடிந்தது' அப்படியே இருந்தது.

அடுத்த நாள் வேலை நாள். அதே பேட்டரி, அதே வயர், அதே எல்லை. மாட்டிவிட்டுப் போனான். திரும்பி வந்தால் இரண்டு வோல்ட். திரையில் 'முடிந்தது' இல்லை. புதிதாகப் போட்டால் வரும் முகப்புப் பக்கம் வந்திருந்தது. ரொம்ப நேரமானால் அதுவே அங்கே போய்விடும்போல என்று நினைத்துக்கொண்டான். நேற்று அது போகவில்லையே என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டு வோல்ட்டைப் பார்த்தபோது வந்த ஆத்திரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை.

"நான் பாத்தா யோக்கியமா இருக்கு. முதுகைத் திருப்பினா திருடுது," என்றான் ஜெனவீவிடம்.

"எது?"

"சார்ஜர்."

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியுமா? உங்களுக்குத்தான் எல்லாத்து மேலயும் சந்தேகம்." வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அபி போன் பண்ணினா. குமணன் அண்ணன் ஒரு வாரமா சரியாச் சாப்பிடறதில்லையாம். கடையை மூடிட்டு வந்தா செல்லும் வயருமா உக்காந்திருக்காராம். அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

ஐவன் சொன்னான். முழுதும் சொல்லாமல், கொஞ்சம் வழவழப்பாக்கித்தான் சொன்னான். அப்படியும் ஜெனவீவ் அவனைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

"அவருக்குப் போய்த் திருட்டுப் பட்டம் கட்டினீங்களா?"

"திருட்டுன்னு சொல்லல."

"வேற எப்படிச் சொல்றதாம் அதை?"

ஐவன் பின்னறைக்குப் போய்விட்டான். அன்று படுக்கப்போகும்போது அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் தட்டியது. பேட்டரி செத்தது பெரிய விஷயமில்லை. செத்தவுடன் தன் மனம் நேராகக் குமணனிடம் ஏன் போனது? சார்ஜர் விற்ற கடைக்காரன்மேல் போயிருக்கலாம். செல் செய்த கம்பெனிமேல் போயிருக்கலாம். அந்தக் கல்யாணச் சண்டை தீர்ந்துவிட்டது என்று இத்தனை நாளாக நினைத்திருந்தான். தீரவில்லைபோல. எங்கேயோ அடியில் கிடந்து, ஒரு சாக்குக் கிடைத்ததும் தலையைத் தூக்கியிருக்கிறது. ஆனால் குமணன் உண்மையிலேயே பழைய செல்லை வைத்திருந்தால்? அப்போது தன் சந்தேகம் சரிதானே? இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் புரண்டு புரண்டு படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஜெனவீவ் முன்னறையில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐவன் பின்னறையில் கடைசியாக உயிரோடு இருந்த பேட்டரியை மாட்டியிருந்தான். நீலச் சட்டை போட்ட பேட்டரி அது. குமணன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தான். டிஸ்சார்ஜ் ஒழுங்காக ஆறில் நின்று, 'முடிந்தது' என்று காட்டியது. வழக்கம்போல, அவன் பார்த்துக்கொண்டிருந்ததால்.

வெளியே மழை கொட்ட ஆரம்பித்தது. செம்பனைத் தோட்டத்துப் பக்கம் இடி ஒன்று விழுந்தது. அடுத்த இடியில் வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது. காற்றாடி சுற்றிக்கொண்டே மெதுவானது. முன்னறையில் நாடகம் பாதிப் பேச்சில் நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் அடங்கியது.

மேசைமேல் சார்ஜர் ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. 'முடிந்தது' மறைந்தது. முகப்புப் பக்கம் வந்து, நீல வெளிச்சத்தோடு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

ஐவன் அதைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். மறுபடி அதைப் பார்த்தான்.

"ஜெனி, கரண்ட் போயிருச்சுதானே?"

"போயிருச்சு. ஏன், அங்க இருக்கா?"

"விளக்கு இல்ல. காத்தாடி இல்ல. ஆனா சார்ஜர் எரியுது."

ஜெனவீவ் கைபேசி வெளிச்சத்தோடு வந்து வாசலில் நின்றாள். "அதெப்படி?"

"அதான் தெரியல."

இருவரும் அந்தச் சின்ன நீலத் திரையைப் பேய் பிடித்த பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஐவன் சுவர்ப் பிளக்கைப் பிடுங்கினான். திரை எரிந்தது. சார்ஜரைக் கையில் தூக்கிப் பார்த்தான். எரிந்தது. அதனோடு ஒட்டியிருந்தது பேட்டரி மட்டும்தான். அதன் வயரைக் கழற்றினான். திரை பட்டென்று செத்தது. மாட்டினான். உயிர் வந்தது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை சார்ஜர் பேட்டரிக்குக் காவலாக இருக்கிறது. சுவரில் மின்சாரம் போனதும் அதே பேட்டரியிலிருந்து எடுத்துத் தன் திரையை எரிக்கிறது. அப்போது அதற்கு எல்லை கிடையாது. ஆறும் கிடையாது, ஏழும் கிடையாது. கிடைக்கிறவரை குடிக்கும். மீட்டரை வைத்தான். எண் மெல்ல, ஆனால் நிற்காமல், இறங்கிக்கொண்டிருந்தது. முகப்புப் பக்கம் தானாக வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. மின்சாரம் போனால்தான் அது வருகிறது.

பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. வாரநாளில் இடியும் இல்லை, மழையும் இல்லை. அப்புறம் எப்படி?

"நான் வேலைக்குப் போனப்புறம் தினமும் கரண்ட் போகுதா?"

"எனக்கெப்படித் தெரியும்? நானும்தானே வேலைக்குப் போறேன்." ஜெனவீவ் செம்பனை ஆலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அவன் போனதற்குப் பிறகு கிளம்பி, அவன் வருவதற்கு முன்பே வந்துவிடுவாள். "போயிருந்தா ஃபிரிட்ஜ்ல ஐஸ் உருகியிருக்குமே. அதெல்லாம் இல்ல."

"அப்ப இந்த அறையில மட்டும் எப்படிப் போகும்?"

"இந்த அறையிலயா?" என்றாள். சுவரைப் பார்த்தாள். வைஃபை பெட்டியும் சார்ஜரும் ஒரே நீட்டு வயரில் மாட்டியிருந்தன. அந்த வயர் சுவரில் ஒரே சுவிட்சுக்குப் போனது. அவள் முகத்தில் ஏதோ மாறியது.

"நான் போறப்ப வைஃபை சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத்தானே போவேன்," என்றாள் மெதுவாக. "வந்ததும் மறுபடி போட்டுடுவேன்."

"தினமுமா?"

"அந்த வீடு எரிஞ்சதிலேர்ந்து. ஃபிரிட்ஜைத் தவிர எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுவேன். சில நாள் அவசரத்துல மறந்துருவேன்."

அந்தச் சில நாட்கள்தான் ஆறரை வோல்ட் நாட்கள். ஐவனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது.

"ஜெனி, நான் உன்கிட்டக் கேட்டேன். தொட்டியான்னு கேட்டேன்."

"சார்ஜரைத் தொட்டியான்னு கேட்டீங்க. நான் தொடல. இப்பவும் தொடமாட்டேன்."

"ஒரு வார்த்தை, சுவிட்சுன்னு..."

"நீங்க சுவிட்சுன்னு கேக்கவே இல்லையே. என்ன செய்யறே, எப்பக் கிளம்பறே, ஒண்ணும் கேக்கல. தொட்டியா இல்லையான்னு மட்டும் கேட்டீங்க, பட்டறையில கேக்கற மாதிரி. இல்லன்னதும் திரும்பிப் போயிட்டீங்க." அவள் குரல் இறங்கியது. "எனக்கு மட்டும் தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா? நான் வீடு எரியக்கூடாதுன்னு ஆஃப் பண்ணினேன்."

மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. ஐவன் பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தான். யார்மேலும் தப்பு இல்லை. அவன் இறக்கிவிட்டுப் போனது சரி. அவள் அணைத்துவிட்டுப் போனது சரி. சார்ஜர்கூடத் தன் புத்திக்கு எட்டியதைத்தான் செய்தது. எல்லாரும் சரியாக நடந்தும் பேட்டரிகள் செத்திருக்கின்றன. ஒருத்தரைத் தவிர எல்லாரும். ஒரு சம்பந்தமும் இல்லாத மனிதனைக் கரையில் நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்டவன் ஒருவன் இருக்கிறான்.

"சட்டையை மாத்துங்க," என்றாள் ஜெனவீவ். "மழை விட்டதும் புஞ்சாக் ஆலாம் போயிட்டு வருவோம்."

குமணன் வீட்டுக் கதவை அபிகெயில்தான் திறந்தாள். அண்ணனைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. அண்ணியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். குமணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் பிரித்துப்போட்ட செல்கள் சிதறிக் கிடந்தன. ஐவனைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"மாப்ள, உக்காருங்க," என்றான் ஐவன். காரில் வரும்போது பேசிப் பார்த்துக்கொண்ட வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. நடந்ததை நேராகச் சொன்னான். இடி, நீலத் திரை, வைஃபை சுவிட்ச், எல்லாவற்றையும் சொன்னான். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதுக்குத்தான் வந்தேன்."

குமணன் கேட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அவன் முகம் தெளியவில்லை. ஐவன் எதிர்பார்த்தது ஒரு நிம்மதி, இல்லையென்றால் ஒரு கோபம். குமணன் குனிந்து, மேசைமேல் ஒரு செல்லை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். நீலச் சட்டை போட்ட பேட்டரி இருக்கே."

"கொண்டு வந்திருக்கேன். கடைசியா மிஞ்சினது அதுதான்."

"அதுல ரெண்டு செல் பழசு."

ஐவன் அவனைப் பார்த்தான்.

"அந்தத் தடவை ஆர்டர் பண்ணினதுல ரெண்டு செல் செத்து வந்துச்சு. உங்களுக்குச் சனிக்கிழமை படகு விடணும்னு அவசரம். என் பழைய பேட்டரியிலேர்ந்து ரெண்டு எடுத்துப் போட்டுட்டேன். புதுசு வந்ததும் மாத்திடலாம்னு நினைச்சேன், மறந்துட்டேன். நீங்க அன்னைக்குக் கேட்டப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு." அவன் செல்லைக் கீழே வைத்தான். "உங்க பேட்டரி எல்லாம் அதனாலதான் சாகுதுன்னு நினைச்சேன். ஒரு வாரமா என் மத்த செல்லையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன், இன்னும் எதுலயாவது தப்புப் பண்ணிட்டேனான்னு."

ஐவன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்க வந்தவன் அவன். இப்போது கேட்கவேண்டியது யார்? அவன் சந்தேகப்பட்டது உண்மைதான், ஆனால் அந்த உண்மை அந்தச் சாவுக்குக் காரணம் இல்லை. சம்பந்தமே இல்லாத மனிதன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தானே. சம்பந்தம் இருந்தது. ஆனால் அது இந்தச் சம்பந்தம் இல்லை. அவன் அறிக்கை எழுதியிருந்தால் யார்மேல் தப்பு என்று எந்தக் கட்டத்தில் குறி போடுவான் என்று அவனுக்கே புரியவில்லை.

"இருங்க," என்றான் கடைசியில். "பிரிச்சுப் பாத்துருவோம்."

குமணன் நீல உறையைக் கத்தியால் கீறினான். ஆறு செல்களும் வரிசையாக வெளியே வந்தன. பழைய இரண்டும் ஓரத்தில் இருந்தன. மீட்டரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். புதியவற்றில் ஒன்று பாதி உயிரில் இருந்தது. ஒன்று எண்ணையே காட்டவில்லை. மற்ற இரண்டும் அதைவிடக் கொஞ்சம்தான் மேல். பழைய இரண்டும் கல்லுக்குண்டுபோல் நின்றன.

குமணன் மீட்டரைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தான். அதே எண்தான்.

"பழசு ரெண்டும் நல்லா இருக்கு மச்சான்."

"புதுசுதான் போச்சு."

"அப்ப இந்தப் பேட்டரி கடைசி வரைக்கும் தாக்குப் பிடிச்சதே..."

"நீங்க போட்ட பழசாலதான்னு சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல. எனக்குத் தெரியல."

ஐவன் முதலில் சிரித்தான். அது அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை, மூச்சு விடத் தெரியாதவன் விட்ட மூச்சுபோல இருந்தது. குமணனுக்கும் தொற்றிக்கொண்டது. சமையலறையிலிருந்து இரண்டு பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். அபிகெயில், "என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"தெரியலமா," என்றான் ஐவன். அது பொய்யில்லை.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள் அபிகெயில். இட்டலியும் மீன் குழம்பும் வைத்திருந்தாள். சைவ வீட்டில் மீன் எப்படி என்று ஐவன் வாய் திறப்பதற்குள், குமணன் தன் தட்டில் வெறும் சாம்பாரை ஊற்றிக்கொண்டு, மீன் பாத்திரத்தை ஐவன் பக்கம் தள்ளினான். அது அவன் தங்கைக்காக அந்த வீட்டில் எப்போதும் சமைக்கப்படுவது என்று ஐவனுக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அவன் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதே இரண்டு மூன்று முறைதான்.

அடுத்த சனிக்கிழமை மழை விடவேயில்லை. குட்டைக்கு யாரும் வரவேண்டாம் என்று சேது தகவல் அனுப்பியிருந்தார். ஐவன் அப்படியும் புஞ்சாக் ஆலாமுக்குக் காரை எடுத்தான். குமணன் புதிய செல்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தான். இந்த முறை ஐவன் செல்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, குமணன் ஒட்டினான். நாலாவது செல்லில் ஐவனின் கை ஆடிவிட்டது. ஈயம் வழிந்து மேசைத் துணியில் ஒரு கருப்புப் பொட்டு விழுந்தது.

"அபி திட்டுவா," என்றான் குமணன்.

"என் தங்கச்சிதானே, நான் சொல்லிக்கறேன்," என்றான் ஐவன். சொன்னானே தவிர, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஐந்தாவது செல்லை எடுத்துப் பிடித்தான்.